தேங்காய்ச் சிரட்டையிலிருந்து சோடியம் பேட்டரிக்குக் கடினக் கார்பன்: செய்முறையும் தவறும் இடங்களும்

தாவரக் கழிவிலிருந்து பேட்டரிக் கார்பன் செய்ய இறங்குகிறவர்கள், தண்ணீர் வடிகட்டும் கரியைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். அங்கே கிராமுக்கு 1000 சதுர மீட்டர் பரப்பளவு இருந்தால் உயர்ந்த சரக்கு. இங்கே அதே கரியை எதிர்மின்முனையில் பூசினால் முதல் சார்ஜிலேயே சோடியத்தில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். சோடியம் அயனி பேட்டரிக்கு வேண்டிய கார்பனில் மின்பகுளித் திரவம் (மின்முனைகளுக்கிடையே அயனிகளைக் கடத்தும் திரவம்) தொடக்கூடிய வெளிப்பரப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும். உள்ளே மூடிக்கிடக்கும் நுண்துளைகள் நிறைய இருக்க வேண்டும். வெளிப்பரப்பு கிராமுக்கு 10 சதுர மீட்டருக்குள் அடங்க வேண்டும், 5-க்குள் வந்தால் இன்னும் நல்லது. எப்போது கழுவுவது, எந்த வேகத்தில் சூடேற்றுவது, எந்தக் கட்டத்தில் அரைப்பது என்று கீழே வரும் எல்லாமே இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

இந்த வகைக் கார்பனை ஆய்வகங்களில் ஹார்டு கார்பன் என்பார்கள். இங்கே கடினக் கார்பன் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு சூடேற்றினாலும் கிராஃபைட்டாக மாறாத கார்பன் உண்டு என்பதை 1951-இல் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் எக்ஸ் கதிர் ஆய்வால் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். 2000-இல் கனடாவில் ஸ்டீவன்ஸும் டானும் குளுக்கோஸைக் கரியாக்கி, அது கிராமுக்குச் சுமார் 300 மில்லிஆம்பியர் மணி (மின்னூட்டத்தின் அளவு) சோடியத்தை ஏற்கிறது என்று காட்டிய பிறகுதான் சோடியம் பேட்டரிக்கு ஒரு நடைமுறை எதிர்மின்முனை கிடைத்தது.

கிராஃபைட்டையே பயன்படுத்தினால் என்ன என்ற கேள்வி வரும். லித்தியத்துக்குக் கிராமுக்கு 372 மில்லிஆம்பியர் மணி தரும் கிராஃபைட், வழக்கமான கார்பனேட் மின்பகுளியில் சோடியத்தை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. அடுக்குகளுக்கிடையே இடம் போதவில்லை என்று பலரும் காரணம் சொல்வார்கள். சோடியத்தைவிடப் பெரிய பொட்டாசியம் கிராஃபைட்டுக்குள் தாராளமாக நுழைகிறது என்பதால் அந்த விளக்கம் நிற்காது. சோடியமும் கிராஃபைட்டும் சேர்ந்த சேர்மம் ஆற்றல் கணக்கில் நிலைப்பதில்லை; அதுதான் காரணம்.

மூலப்பொருளைத் தேர்வது

தாவரத்தின் உடல் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகிய மூன்றால் ஆனது. மூன்றும் ஆக்சிஜன் நிறைந்தவை. சூடேறும்போது உருகி ஓடாமல் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து இறுகிவிடுவதால்தான் இவற்றிலிருந்து கடினக் கார்பன் கிடைக்கிறது. உருகி ஓடும் தார், பிட்ச் போன்றவற்றில் அடுக்குகள் வரிசைப்பட்டு மென் கார்பன் உருவாகும். அது வேறு சரக்கு.

முதல் முயற்சிக்குத் தேங்காய்ச் சிரட்டையை எடுங்கள். வால்நட் ஓடு, பாதாம் ஓடு, பழக்கொட்டைகள் ஆகியவையும் நல்லவையே. காரணம் இரண்டு: லிக்னின் அதிகம், சாம்பல் குறைவு. சிரட்டையின் சாம்பல் பொதுவாக 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். நெல் உமியில் 15 முதல் 20 சதவீதம் வரை சாம்பல் உண்டு, அதில் பெரும்பகுதி சிலிக்கா. உமியாலும் நல்ல கார்பன் செய்ய முடியும். ஆனால் சிலிக்காவைக் கரைத்தெடுத்த இடமெல்லாம் திறந்த துளையாக நிற்கும், அதை மூட இன்னும் பாடுபட வேண்டும். ஆகவே உமியை இரண்டாம் முயற்சிக்கு வையுங்கள். இலை, வாழைத்தண்டு, பழத்தோல் வகைகளில் பொட்டாசியம் மிகுதி; அது ஏன் ஆபத்து என்பது கழுவும் பகுதியில் வருகிறது.

வாங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சாம்பல் சோதனை செய்யாமல் வேலையைத் தொடங்காதீர்கள். 105 டிகிரியில் (இனி வரும் வெப்பநிலை எல்லாம் செல்சியஸ்) எடை மாறாத வரை உலர்த்திய தூள் 5 கிராமைப் பீங்கான் மூசையில் எடுத்து, காற்றோட்டமுள்ள மஃபிள் உலையில் 575 முதல் 600 டிகிரியில் 4 மணி நேரம் வைத்து, ஆறியதும் மிஞ்சியதை நிறுங்கள். 50 மில்லிகிராம் மிஞ்சினால் சாம்பல் 1 சதவீதம். 2 சதவீதத்துக்கு மேல் வந்தால் மண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிரட்டையில் அநேகமாகக் குற்றவாளி மண்ணும் நாரும்தான். நாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவினாலே கணிசமாகக் குறையும்.

சுத்தம் செய்த சிரட்டையைச் சுத்தியலால் உடைத்து, கத்தி அரவை இயந்திரத்தில் 1 முதல் 2 மில்லிமீட்டர் துகளாக்குங்கள். இப்போதே மாவாக்க வேண்டாம். மாவு உலையில் வாயு ஓட்டத்தோடு பறக்கும், கழுவும்போது வடிதாளை அடைக்கும்.

முதல் கரியாக்கம்: 550 டிகிரி

வேலையை இரண்டு கட்டமாகப் பிரிப்பது வீண் சிரமமாகத் தோன்றலாம். முதல் கட்டத்தில் தாரும் நீராவியும் ஏராளமாக வெளியேறும். அதே உலைக் குழாயில் நேராக 1300 டிகிரிக்குப் போனால் தார் குழாயின் குளிர்ந்த முனையில் படிந்து வெளிவழியை அடைக்கும், நீராவியோ சூடான கார்பனை அரித்துத் துளையிடும். அதனால் மலிவான எஃகு அல்லது குவார்ட்ஸ் குழாயில் முதல் கட்டத்தை முடித்துக்கொண்டு, விலையுயர்ந்த அலுமினாக் குழாயைச் சுத்தமான கரிக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி.

20 கிராம் துகளை மூசையில் நிரப்பி (பாதியளவுக்கு மேல் வேண்டாம்) குழாயின் நடுவில் வையுங்கள். 60 மில்லிமீட்டர் உள்விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள குழாயின் கொள்ளளவு ஏறத்தாழ 2.8 லிட்டர். உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற ஐந்து மடங்கு வாயுவாவது ஓட வேண்டும். நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் நைட்ரஜன் விட்டால் அரை மணி நேரம். வெற்றிடப் பம்பு இருந்தால் மூன்று முறை உறிஞ்சி நிரப்புவது இதைவிடச் சிறந்தது. பிறகு ஓட்டத்தை 200 மில்லிலிட்டராகக் குறைத்துச் சூடேற்றுங்கள்:

அறை வெப்பத்திலிருந்து 200 டிகிரி வரை நிமிடத்துக்கு 5 டிகிரி
200 முதல் 400 வரை நிமிடத்துக்கு 2 டிகிரி
400 முதல் 550 வரை நிமிடத்துக்கு 3 டிகிரி
550-இல் 2 மணி நேரம்

மொத்தம் 5 மணி நேரம் ஆகும். நடுக்கட்டத்தில் அவசரப்படாதீர்கள். ஹெமிசெல்லுலோஸ் சுமார் 220 முதல் 315 டிகிரிக்குள்ளும், செல்லுலோஸ் 315 முதல் 400-க்குள்ளும் சிதைகின்றன. எடையில் பெரும்பகுதி கழிவது இந்த இடைவெளியில்தான். வேகமாகச் சூடேற்றினால் வாயு ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். துகள் விரிசலிடும், அந்த விரிசல் கடைசிவரை வெளிப்பரப்பாகவே நிற்கும், கரியின் அளவும் குறையும். லிக்னின் மட்டும் 900 டிகிரி வரை மெதுவாகச் சிதைந்துகொண்டே இருக்கும். 100 கிராம் உலர்ந்த சிரட்டைக்கு இந்தக் கட்டத்தில் 30 கிராமை ஒட்டிக் கரி கிடைக்கும்.

வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன் இருக்கும். வெளிக்குழாயைப் புகைபோக்கிக்குள் கட்டாயம் கொண்டுபோக வேண்டும், அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. வெளிவழியில் எண்ணெய்க் குமிழிக் குப்பி வைப்பவர்கள், குழாய்க்கும் அதற்கும் நடுவே ஒரு வெற்றுக் குப்பியும் வையுங்கள்; உலை ஆறும்போது வாயு சுருங்கி எண்ணெய் பின்னோக்கி இழுக்கப்படும்.

100 டிகிரிக்குக் கீழே ஆறும் வரை நைட்ரஜனை நிறுத்தக் கூடாது. 200 டிகிரியில் திறந்தால் புதிய கரி காற்றைக் குடித்துச் சூடேறும், சில சமயம் கனலும். மேற்பரப்பில் வெண்சாம்பல் படர்ந்திருந்தால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். அந்தக் கரியைத் தூக்கி வைத்துவிட்டு, முனை மூடிகளின் ரப்பர் வளையங்களைச் சரிபாருங்கள்.

கழுவுவது எப்போது

எழுத்தில் இருக்கும் செய்முறைகள் பல, பச்சைத் தூளையே அமிலத்தில் ஊறவைக்கச் சொல்கின்றன. வேறு சில, கடைசியில் 1300 டிகிரியில் வந்த கார்பனைக் கழுவச் சொல்கின்றன. ஒரே ஒரு முறைதான் கழுவ முடியும் என்றால், 550 டிகிரிக் கரியைக் கழுவுங்கள். காரணம் இதுதான். பொட்டாசியம் சேர்மங்கள் 700 டிகிரிக்கு மேல் கார்பனைத் தின்று துளையிடும். கிளர்வூட்டிய கரி (தண்ணீர் வடிகட்டும் கரி) செய்ய வேண்டுமென்றே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்ப்பது இந்த வேலைக்குத்தான். எனவே அந்த வெப்பத்துக்குப் போகும் முன்பே அதை நீக்கிவிட வேண்டும். 1300-க்குப் பிறகு கழுவினால், கார்பனுக்குள் பதிந்திருந்த கால்சியமும் பிறவும் கரைந்து போன குழிகளை மூட அடுத்த சூடேற்றம் இல்லை. 550-இல் கழுவினால் உண்டாகும் திறப்புகள் அடுத்த கட்டத்தில் பெருமளவு சுருங்கி மூடிக்கொள்ளும்.

இரும்பும் கால்சியமும் இன்னொரு தொல்லை தரும். உயர் வெப்பத்தில் தம்மைச் சுற்றியுள்ள கார்பனை கிராஃபைட்டாக வரிசைப்படுத்தும். அந்தத் திட்டுகள் சோடியத்தை ஏற்காது.

செய்முறை: 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 83 மில்லிலிட்டரை, பாதியளவு அயனி நீக்கிய நீரில் மெல்ல ஊற்றி, மொத்தம் 1 லிட்டராக்கினால் 1 மோலார் கரைசல். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. 50 கிராம் கரிக்கு இந்தக் கரைசல் 500 மில்லிலிட்டர், 60 டிகிரி, 6 மணி நேரம், இடைவிடாமல் கலக்கல். வடித்த பின் சூடான அயனி நீக்கிய நீரால் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். பி.எச். தாள் நடுநிலை காட்டினால் மட்டும் போதாது. வடிநீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்கலங்கல் வராத வரை கழுவ வேண்டும். மிஞ்சும் குளோரைடு உலையின் உலோகப் பாகங்களையும் பிறகு அலுமினிய ஃபாயிலையும் அரிக்கும். 105 டிகிரியில் ஓர் இரவு உலர்த்தி, சாம்பல் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

உமிக் கரியானால் அமிலத்துக்கு முன் 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 80 டிகிரியில் 4 மணி நேரம் வைத்துச் சிலிக்காவைக் கரைக்க வேண்டும். 550 டிகிரிக் கரியில் சிலிக்கா இன்னும் படிகமாகாத நிலையில் இருப்பதால் எளிதில் கரையும்; மேலும் சூடேற்றிப் படிகமான பிறகு காரம் அதை அசைக்காது, 1400-க்கு மேல் போனால் சிலிக்கான் கார்பைடாகவே மாறத் தொடங்கும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் சிலிக்காவைக் கரைக்கும் முறையைப் பின்பற்ற வேண்டாம். அது தோலில் பட்டால் வலி தெரியும் முன்பே எலும்புவரை சேதம் போயிருக்கும். காரத்தால் முடிகிற வேலைக்கு அது தேவையே இல்லை.

அரைப்பது இங்கே, இதற்குப் பிறகு இல்லை

கழுவி உலர்ந்த கரியைச் சிர்க்கோனியாக் குண்டுகள் உருளும் அரவை இயந்திரத்தில் அரையுங்கள்: குண்டு 10 பங்கு, கரி 1 பங்கு, நிமிடத்துக்கு 300 சுற்று, 15 நிமிடம் ஓட்டம், 15 நிமிடம் ஓய்வு, ஓட்ட நேரம் மொத்தம் 1 முதல் 2 மணி. எஃகுக் குண்டு இரும்பைக் கலக்கும், கழுவியதெல்லாம் வீண். 45 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். சராசரித் துகள் 5 முதல் 10 மைக்ரானுக்குள் இருந்தால் பூச்சு நன்றாக வரும். 1 மைக்ரானுக்கும் கீழே பொடித்தால் வெளிப்பரப்பு ஏறும், பைண்டரும் (துகள்களை ஒட்டவைக்கும் பசை) அதிகம் கேட்கும்.

இறுதிச் சூட்டுக்குப் பிறகு அரைத்தால், சிரமப்பட்டு மூடிய துளைகளை உடைத்துத் திறந்ததாகிவிடும். அப்போது அகேட் கல்வத்தில் கட்டிகளை லேசாக நசுக்கிச் சலிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சூடு: 1300 டிகிரி

குவார்ட்ஸ் குழாய் 1100 டிகிரிக்கு மேல் தாங்காது. அலுமினாக் குழாயும் அலுமினா மூசையும் தேவை. வாயு ஆர்கானாக இருக்கட்டும். பொட்டாசியம் அல்லது சோடியம் கார்பனேட்டும் கார்பனும் நைட்ரஜனும் இந்த வெப்பத்தில் சந்தித்தால் சயனைடு உருவாக வழியுண்டு. நன்றாகக் கழுவிய கரியில் அந்த அபாயம் சிறிது. சரியாகக் கழுவாத கரியில் அப்படிச் சொல்ல முடியாது. ஆர்கானின் தூய்மை 99.999 சதவீதமாக இருப்பது நல்லது. 800 டிகிரிக்கு மேல் நீராவியும் கார்பன் டையாக்சைடும்கூடக் கார்பனை அரிக்கும் என்பதால், வாயுவில் தங்கும் ஈரம் சிறிதானாலும் பரப்பளவில் தெரியும்.

3 முதல் 5 கிராம் தூளை மூசையில் பரப்பி, மேலே ஒரு அலுமினா மூடியைத் தளர்வாக வையுங்கள். குழாயின் இரு முனைகளிலும் வெப்பத் தடுப்புக் கட்டைகள் இல்லாவிட்டால் ரப்பர் வளையங்கள் கருகும். மூன்று முறை உறிஞ்சி நிரப்பிய பின், நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் ஓட்டத்தில், 1000 டிகிரி வரை நிமிடத்துக்கு 5 டிகிரி, அங்கிருந்து 1300 வரை 3 டிகிரி, 1300-இல் 2 மணி நேரம். இது 7 மணி நேர வேலை. இறங்கும்போதும் 600 வரை நிமிடத்துக்கு 5 டிகிரிக்கு மிகாமல் இறக்குங்கள். அலுமினாக் குழாய் திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசல் விடும்.

ஏன் 1300? 1000 டிகிரியில் அடுக்குகள் சிறியவை, குறைகளும் ஹைட்ரஜனும் மிச்சம் இருக்கும், சோடியம் அவற்றில் ஒட்டிக்கொண்டு திரும்ப வராது. 1200 முதல் 1400-க்குள் அடுக்குகள் வளர்ந்து, திறந்த துளைகளின் வாய் மூடி, உள்ளே அரை நானோமீட்டரிலிருந்து சில நானோமீட்டர் வரையிலான அறைகள் உருவாகும். அந்த அறைகளில்தான் சோடியம் ஏறக்குறைய உலோகம் போலவே திரண்டு தங்குகிறது என்பது இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1600-ஐத் தாண்டினால் அடுக்குகள் நெருங்கி, சோடியம் நுழையும் வழியே சுருங்கும். சிரட்டைக்கு 1300 நல்ல தொடக்கம். பிறகு 1200, 1400 இரண்டிலும் ஒவ்வொரு தொகுதி செய்து ஒப்பிட்டால் உங்கள் உலைக்கும் உங்கள் மூலப்பொருளுக்கும் ஏற்ற வெப்பம் தெரிந்துவிடும். உலையின் திரை காட்டும் வெப்பத்துக்கும் மூசையின் உண்மை வெப்பத்துக்கும் 20, 30 டிகிரி வேறுபாடு சாதாரணம்.

பூசும் முன் சோதிப்பது

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவி (செம்புக் கதிர்) கிடைத்தால், 22 முதல் 24 டிகிரிக் கோணத்துக்குள் (இங்கே டிகிரி கோணம், வெப்பம் அல்ல) அகலமான ஒரு மேடு தெரிய வேண்டும். 23.5 டிகிரியில் உச்சி இருந்தால் அடுக்கிடைவெளி 0.378 நானோமீட்டர், நல்ல கடினக் கார்பனுக்கு 0.37-க்கும் 0.40-க்கும் இடையே வரும். 26.5 டிகிரியில் கூரிய முள் ஒன்று தலைகாட்டினால் இரும்போ கால்சியமோ கிராஃபைட் திட்டுகளை உண்டாக்கிவிட்டன, கழுவல் போதவில்லை.

பரப்பளவை நைட்ரஜன் உறிஞ்சலால் அளப்பார்கள். மூடிய துளைக்குள் நைட்ரஜன் போகாது, ஆகவே அது காட்டுவது மின்பகுளி தொடக்கூடிய பரப்பை ஒட்டிய அளவைத்தான். அந்தக் கருவி இல்லாதவர்கள் ஒரு கச்சாச் சோதனை செய்யலாம்: மிக நீர்த்த மெத்திலீன் ப்ளூ கரைசல் 20 மில்லிலிட்டரில் 0.1 கிராம் தூளைப் போட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். நிறம் முழுக்க மறைந்தால் துளைகள் திறந்திருக்கின்றன. நீலம் அப்படியே நின்றால் நல்ல அறிகுறி. பக்கத்தில் கிளர்வூட்டிய கரி ஒரு குப்பியில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வெப்பம் சரியாக ஏறியதா என்று மல்டிமீட்டரும் சொல்லும். கண்ணாடிக் குழாயில் தூளை இரு உலோகத் தண்டுகளுக்கிடையே அழுத்திப் பிடித்து மின்தடையைப் பாருங்கள். 550 டிகிரிக் கரி ஏறக்குறைய மின்காப்பான். 1300 கண்ட கார்பன் சில ஓமில் கடத்தும். நூற்றுக்கணக்கில் காட்டினால் மூசை உலையின் நடுவில் இருக்கவில்லை.

மின்முனைப் பூச்சு

நீர் வழியில் பூசுவதே போதும்; நச்சுக் கரைப்பானான என்.எம்.பி. தேவையில்லை. 2 கிராம் திடப்பொருளுக்கு அளவு:

கடினக் கார்பன் 1.80 கிராம்
கடத்தும் கார்பன் கருப்பு 0.10 கிராம்
சோடியம் சி.எம்.சி. (நீரில் கரையும் செல்லுலோஸ் பைண்டர்) 0.06 கிராம், அதாவது 2 சதவீதக் கரைசல் 3.0 கிராம்
எஸ்.பி.ஆர். (ரப்பர் பைண்டர்) 0.04 கிராம், அதாவது 40 சதவீதப் பால்மம் 0.10 கிராம்
அயனி நீக்கிய நீர் 0.5 முதல் 1 கிராம், பதம் பார்த்து

சி.எம்.சி. தூளை அவசரத்தில் நேராகப் போட்டால் மேலே வழுவழுப்பாகவும் உள்ளே உலர்ந்தும் கட்டிகள் நிற்கும். முந்தைய நாளே நீரில் தூவிக் கலக்கி, ஓர் இரவு ஊற விடுங்கள். கார்பன் இரண்டையும் உலர்வாகக் கலந்து, சி.எம்.சி. கரைசலில் பாதியை ஊற்றிக் கெட்டியாகப் பிசைந்த பிறகு மீதியைச் சேருங்கள். கெட்டியாக இருக்கும்போது கலக்கினால்தான் கார்பன் கருப்பின் கட்டிகள் உடையும். எஸ்.பி.ஆர். எப்போதும் கடைசியில், மெதுவான கலக்கலில், 10 நிமிடம். வேகமாக அடித்தால் பால்மம் திரிந்து சிறு ரப்பர் மணிகளாகும், பூச்சில் கோடு விழும். முடிவில் வெற்றிடத்தில் சில நிமிடம் வைத்துக் குமிழ்களை நீக்குங்கள்.

சோடியம் அலுமினியத்தோடு கலவை ஆகாது, அதனால் இங்கே அலுமினிய ஃபாயில் போதும். லித்தியம் பேட்டரியில் சோதிப்பவர்கள் மட்டும் செம்பு ஃபாயிலுக்கு மாற வேண்டும். 16 மைக்ரான் ஃபாயிலை ஆல்கஹாலால் துடைத்து, 150 மைக்ரான் இடைவெளி வைத்த டாக்டர் பிளேடால் (குழம்பைச் சீரான தடிமனில் பரப்பும் அலகு) ஒரே இழுப்பில் பூசுங்கள். பூச்சில் ஊசிமுனைக் குமிழ்கள் எழுந்தால் ஸ்லரியின் (கலக்கிய குழம்பின்) பி.எச். பாருங்கள், 9-க்கு மேல் போனால் அலுமினியம் அரிபட்டு ஹைட்ரஜன் வருகிறது, காரத்தில் கழுவிய கரியைச் சரியாக அலசவில்லை என்று பொருள். 60 டிகிரியில் காற்றில் 2 மணி நேரம், பிறகு வெற்றிடத்தில் 110 டிகிரியில் 12 மணி நேரம் உலர்த்துங்கள். முதலிலேயே 100 டிகிரியில் வைத்தால் நீர் மேலே விரையும்போது பைண்டரையும் இழுத்துக்கொண்டு போகும், ஓரங்கள் சுருண்டு பூச்சு உரியும்.

12 மில்லிமீட்டர் வில்லைகளாக வெட்டி நிறுங்கள். வெற்று ஃபாயில் வில்லையையும் தனியே நிறுத்துக்கொள்ளுங்கள். 16 மைக்ரானுக்கு 4.9 மில்லிகிராம் வரும். பூசிய வில்லை 7.7 என்றால் பூச்சு 2.8, அதில் 90 சதவீதம் கார்பன், ஆக 2.52 மில்லிகிராம். பரப்பு 1.13 சதுர சென்டிமீட்டர் என்பதால் சதுர சென்டிமீட்டருக்கு 2.2 மில்லிகிராம். தராசு 0.01 மில்லிகிராம் காட்டுவதாக இருக்கட்டும். 0.1 மில்லிகிராம் தவறினால் கொள்திறனில் 4 சதவீதம் பொய் வரும்.

கலம் கட்டுவது

நீரும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே உள்ள ஆர்கான் கையுறைப் பெட்டியில் மட்டுமே இது நடக்க வேண்டும். சோடியம் உலோகம் நீர் பட்டால் தீப்பிடிக்கும். சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ பேட்டரிக் கூட்டில் வரிசை: அடிக்கிண்ணம், மின்முனை, கண்ணாடி இழைப் பிரிப்பான், மின்பகுளி 100 மைக்ரோலிட்டர், புதிதாகச் சுரண்டிப் பளபளக்கும் சோடியத் தகடு, எஃகு வட்டு, சுருள்வில், மேல்மூடி. மின்பகுளி 1 மோலார் சோடியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட். கரைப்பான் எத்திலீன் கார்பனேட்டும் டைஎத்தில் கார்பனேட்டும் சம அளவு, அல்லது டைகிளைம் என்ற ஈதர் கரைப்பான். கார்பனின் தரத்தை மட்டும் அறிய விரும்பினால் டைகிளைம் நல்லது: சோடியம் உலோகத்தோடு அது குறைவாகவே வினைபுரியும், அதனால் எதிர்ப்பக்கத்தின் குறை உங்கள் கார்பன் மேல் பழியாக விழாது.

10 மணி நேரம் ஓய்வு கொடுத்த பின் மின்னழுத்தம் 2 வோல்ட்டை ஒட்டியோ சற்று மேலாகவோ இருக்கும். சுழியத்தை ஒட்டி இருந்தால் உள்ளே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்).

வளைகோட்டைப் படிப்பது

கிராமுக்கு 30 மில்லிஆம்பியர் மின்னோட்டம் வையுங்கள். மேலே கணக்கிட்ட வில்லைக்கு அது 0.076 மில்லிஆம்பியர். எல்லை 0.001 முதல் 2.0 வோல்ட். ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும்: சோடியம் உலோகத்துக்கு எதிரே வைத்த இந்த அரைக்கலத்தில், கார்பனுக்குள் சோடியம் நுழைவதைக் கருவி டிஸ்சார்ஜ் என்று எழுதும். முழுப் பேட்டரியில் அதுவே சார்ஜ்.

வளைகோடு சுமார் 1 வோல்ட்டிலிருந்து 0.1 வரை சாய்வாக இறங்கும், பிறகு 0.1-க்குக் கீழே சமதளமாக ஓடும். சாய்வு, குறைகளிலும் அடுக்கிடையிலும் சோடியம் தங்குவதால் வருவது. சமதளம் மூடிய துளைகள் நிரம்புவதோடு சேர்ந்து வருகிறது. சமதளம் நீளமாக இருந்தால் உங்கள் இரண்டாம் சூடு வேலை செய்திருக்கிறது.

முதல் சுற்றில் உள்ளே போனது கிராமுக்கு 345 மில்லிஆம்பியர் மணி, திரும்பி வந்தது 293 என்றால் முதல் சுற்றுத் திறன் 85 சதவீதம். சிரட்டைக் கார்பனுக்கு இது கௌரவமான எண். 60-க்குக் கீழே வந்தால் வெளிப்பரப்பு அதிகம்: கழுவலில் பொட்டாசியம் மிஞ்சியதா, உலையில் கசிவா, கடைசியில் அரைத்தீர்களா என்று அந்த வரிசையில் தேடுங்கள். எண் நடுத்தரமாக இருந்து, தொகுதிக்குத் தொகுதி மாறினால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். இந்தக் கார்பன் காற்றில் நாள்கணக்கில் கிடந்தால் ஈரத்தையும் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். வில்லைகளைக் கையுறைப் பெட்டிக்குள் கொண்டுபோகும் முன் மறுபடி வெற்றிடத்தில் உலர்த்துங்கள்.

சமதளமே காணாமல் போவது இன்னொரு வழக்கமான புகார். கார்பன் கெட்டது என்று முடிவு கட்டும் முன் மின்னோட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். சமதளம் சுழியத்துக்கு மிக அருகே இருப்பதால், சோடியத் தகட்டின் பக்கம் சில பத்து மில்லிவோல்ட் இழப்பு ஏற்பட்டாலும் கருவி 0.001 வோல்ட் வந்துவிட்டது என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடும். குறைந்த மின்னோட்டத்தில் சமதளம் திரும்பினால் குறை கார்பனில் இல்லை. அப்போதும் வராவிட்டால் வெப்பம் போதவில்லை அல்லது துளைகள் மூடவில்லை.

முழுக்கலத்துக்குப் போகும்போது

அரைக்கலத்தில் சோடியம் வற்றாத கிணறு. முழுக்கலத்தில் நேர்மின்முனை கொண்டுவருவது மட்டுமே கையிருப்பு. எதிர்மின்முனையின் கொள்திறன் நேர்மின்முனையைவிட 1.1 மடங்கு இருக்குமாறு வையுங்கள். அது 1-க்குக் கீழே இறங்கினால் கார்பனில் இடம் பிடிக்காத சோடியம் அதன் மேல் உலோகமாகப் படியும், ஊசிகளாக வளர்ந்து பிரிப்பானைத் துளைக்கும். கார்பனின் முதல் ஏற்பு 345 என்றால் 1.1-ஆல் வகுக்க 314 வரும். நேர்மின்முனைப் பொருள் கிராமுக்கு 110 மில்லிஆம்பியர் மணி தரும் சோடியம் வனேடியம் பாஸ்பேட் என்று வைத்துக்கொண்டால், 1 கிராம் கார்பனுக்கு 2.85 கிராம் தேவை. நம் வில்லையின் 2.52 மில்லிகிராமுக்கு 7.2 மில்லிகிராம். அந்த 314-இல் ஏறத்தாழ 52 முதல் சார்ஜிலேயே கார்பனின் மேற்பரப்பில் படலமாகவும் திரும்பாத சோடியமாகவும் போய்விடுகிறது. நேர்மின்முனையின் சோடியத்தில் ஆறில் ஒரு பங்கு அது. முதல் சுற்றுத் திறனை 85-லிருந்து 90-க்கு ஏற்றினால் அந்த இழப்பு 52-லிருந்து 35-ஆகக் குறையும். ஒரு கிராம் கார்பனுக்கு 0.15 கிராமை ஒட்டிய நேர்மின்முனைப் பொருள் அதனால் மட்டும் மிச்சமாகும்.